பரோலோவா, பார்பரெஸ்கோவா, புருனெல்லோவா? நல்லதொரு இத்தாலிய சிவப்பு ஒயினைத் தேர்ந்தெடுப்பது

இத்தாலிய சிவப்பு ஒயின்களில் உயர்ந்த ஒன்றை வாங்க வேண்டும் என்று கேட்பவருக்குக் கடைக்காரரும், விவரம் தெரிந்த நண்பரும் பெரும்பாலும் மூன்று பெயர்களையே சொல்வார்கள்: வடமேற்கில் பியட்மாண்ட் மாநிலத்தின் பரோலோ, அதற்குச் சில மைல் தொலைவிலேயே விளையும் பார்பரெஸ்கோ, டஸ்கனி மாநிலத்தின் புருனெல்லோ டி மொண்டால்சினோ. காகிதத்தில் பார்த்தால் மூன்றையும் பிரிப்பது கடினம். மூன்றுமே 1966இல், விளையும் இடத்தை வைத்து ஒயினின் பெயரைக் காக்கும் தோற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வந்தவை. மூன்றுமே 1980இல் அதன் மேல்நிலையான டிஓசிஜி தகுதியைப் பெற்றவை. மூன்றிலும் ஒரே ஒரு வகைத் திராட்சையைத் தவிர வேறெதையும் கலக்கச் சட்டம் இடம் தருவதில்லை. விலையை வைத்தாவது முடிவெடுக்கலாம் என்றால் அதுவும் கை கொடுக்காது. மூன்று பெயர்களிலும் கைக்கு எட்டும் பாட்டில்களும் உண்டு, விலையைக் கேட்டாலே தலைசுற்றும் பாட்டில்களும் உண்டு.

ஆகவே எது சிறந்தது என்ற கேள்வியோடு கடைக்குப் போனால் குழப்பத்தோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். பாட்டிலை எப்போது திறக்கப் போகிறீர்கள் என்பதே இங்கு முதல் கேள்வி. அன்றைக்கு மேசையில் என்ன உணவு இருக்கும் என்பது இரண்டாவது. புகழும் விமர்சகர்களின் மதிப்பெண்களும் இவ்விரண்டுக்கும் பிறகுதான் வர வேண்டும் என்பது என் கருத்து. மிகச் சிறந்த பரோலோவைத் தவறான வயதில் திறந்தால், அதன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கும் எளிய ஒயின் தரும் இன்பத்தைக்கூட அது தராது. அது ஒயினின் குறையல்ல. அந்தத் திராட்சையின் இயல்பு அப்படி.

பரோலோவும் பார்பரெஸ்கோவும் நெப்பியோலோ என்ற திராட்சையிலிருந்து வருகின்றன. விலையுயர்ந்த சிவப்பு ஒயின் என்றால் கறுப்பை நெருங்கும் அடர்த்தியோடு இருக்கும் என்று எதிர்பார்த்து வருபவர், கோப்பையில் இதை ஊற்றியதும் சற்று ஏமாந்துபோவார். அச்சடித்த தாளுக்கு மேலே கோப்பையைச் சாய்த்துப் பிடித்தால் ஒயினின் ஊடே எழுத்துகளைப் படித்துவிடலாம். நடுவில் மாதுளைச் சிவப்பு, விளிம்பை நெருங்க நெருங்கச் செங்கல் நிறம், கடைசி ஓரத்தில் மெல்லிய ஆரஞ்சுக் கோடு. வேறு பல ஒயின்களில் இந்த ஆரஞ்சு முதுமையின் அடையாளம். நெப்பியோலோவில் ஐந்தாறு வயதிலேயே வந்துவிடும். இந்தத் திராட்சைத் தோலில் நிறமிகள் குறைவாக இருப்பதும், இருக்கின்ற நிறமிகளிலும் காற்றுப் பட்டால் எளிதில் சிதையும் வகைகளே மிகுந்திருப்பதும் இதற்குக் காரணம். நிறத்தைப் பார்த்து வலுவை எடைபோடும் பழக்கத்தை இங்கே கைவிட்டுவிட வேண்டும்.

மணத்தில்தான் இதன் பெருமை தொடங்குகிறது. ரோஜா இதழும் வயலட் பூவும் செர்ரிப் பழமும் மேலே நிற்க, அவற்றுக்கு அடியில் அதிமதுரமும், புதிதாகப் போட்ட சாலையின் தாரும் மெல்ல வரும். பூவும் தாரும் ஒரே கோப்பையில் இருக்க முடியுமா என்று முதலில் தோன்றும். முகர்ந்தவருக்கு அந்த ஐயம் தீர்ந்துவிடும். பத்து, பதினைந்து ஆண்டு கடந்த பாட்டிலில் பழத்தின் மணம் உலர்ந்து, காளான், பதப்படுத்திய தோல், புகையிலை, மழைக்குப் பிந்தைய இலைச்சருகு என மண் சார்ந்த மணங்கள் மேலோங்குகின்றன.

வெளிறிய நிறத்தை நம்பி ஒரு வாய் குடித்தவருக்கு அடுத்த வியப்பு ஈறில் காத்திருக்கிறது. நம் அறுசுவைப் பட்டியலில் உள்ள துவர்ப்பேதான், ஆனால் கொட்டைப்பாக்கை மென்று துப்பிய பிறகு கன்னத்தின் உட்புறத்தைப் பிடித்து நிறுத்துகிறதே, அந்த அளவுக்கு. அதோடு கூர்மையான புளிப்பும் சேர்ந்துகொள்ளும். துவர்ப்பின் அளவைவிட அதன் தன்மையைக் கவனிக்கப் பழகிக்கொள்வது நல்லது. விழுங்கிய பிறகு நாக்கின் நுனியால் மேல் ஈறைத் தடவிப் பார்த்தால், நல்ல பாட்டிலில் அந்தத் துவர்ப்பு மெல்லிய பொடியாக எங்கும் ஒரே சீராகப் பரவியிருக்கும். சிறிது நேரத்தில் உமிழ்நீர் ஊறிப் பழத்தின் சுவை திரும்பி வரும். தரம் குறைந்த பாட்டிலிலோ, புது மரத்தில் அளவுக்கு மீறிக் கிடந்த பாட்டிலிலோ நாக்கின் நடுப்பகுதி மட்டும் காய்ந்து, கசப்பு நின்றுவிடும், பழம் திரும்பாது. எத்தனை மதிப்பெண் வாங்கிய ஒயினாக இருந்தாலும் இந்தச் சோதனையில் அது தப்ப முடியாது.

புருனெல்லோவின் திராட்சை சாஞ்சோவேசே. இது நெப்பியோலோவைவிடச் சற்று ஆழ்ந்த நிறம் உடையது. புளிப்புச் செர்ரி, உலர்ந்த மூலிகை, தேயிலை, ஆரஞ்சுத் தோல், ஈர மண் ஆகியவை இதன் மணங்கள். புளிப்பு இங்கும் உயர்வே. துவர்ப்பு உறுதியானது என்றாலும் நெப்பியோலோ அளவுக்கு வாயைப் பிடிப்பதில்லை. பழச்சுவை நாவின் நடுவில் நிரம்பி நிற்கிறது. எளிதாகச் சொன்னால், இளமையில் ஒரு நெப்பியோலோ தன்னை மறைத்துக்கொள்ளும். சாஞ்சோவேசே பாதியையாவது காட்டிவிடும்.

பரோலோ விளைவது ஆல்பா நகருக்குத் தென்மேற்கே, லாங்கே குன்றுகளில் உள்ள 11 ஊர்களில். பரோலோ, லா மோர்ரா, காஸ்டிலியோனே ஃபல்லெத்தோ, செர்ராலுங்கா, மோன்ஃபோர்தே ஆகிய ஐந்து ஊர்களே இதில் பெரும்பங்கு வகிக்கின்றன. இத்தாலியின் ஒருங்கிணைப்புக்கு வழிவகுத்த காவூர் இளமையில் மேயராக இருந்த கிரின்ஸானேயும் இந்த 11இல் ஒன்று; அவருடைய நினைவாக இன்று அந்த ஊரின் பெயர் கிரின்ஸானே காவூர். அறுவடை நடந்த ஆண்டின் நவம்பர் 1 தொடங்கிக் குறைந்தது 38 மாதங்கள், அவற்றில் 18 மாதங்கள் மரத்தில், ஒயின் வயதேற வேண்டும். கூடுதல் காலம் வயதேறியது என்பதைக் குறிக்கும் ரிசெர்வா என்ற சொல்லை லேபிளில் போட வேண்டுமானால் 62 மாதங்கள். சட்டம் சொல்வது விற்பனைக்கு விடத் தேவையான காலத்தை மட்டுமே. குடிப்பதற்கான பக்குவம் அதற்கு வெகுகாலம் கழித்தே வருகிறது.

இந்த 11 ஊர்களையும் ஒன்றாகப் பாவித்து விலையை மட்டும் பார்த்து வாங்குவது பலரும் செய்யும் பிழை. மேற்குப் பக்கத்தில் லா மோர்ராவிலும் பரோலோ ஊரின் பெரும்பகுதியிலும் மண் ஒப்பீட்டளவில் இளையது, நீலச் சாம்பல் நிறச் சுண்ணாம்புக் களிமண். அங்கு விளையும் ஒயின்கள் மணம் மிகுந்தவை, சற்று முன்னதாகவே இளகிக்கொடுப்பவை. கிழக்கே செர்ராலுங்காவிலும் மோன்ஃபோர்தேயின் சில பகுதிகளிலும் மண் இன்னும் பழையது, மணற்கல்லும் சுண்ணாம்பும் மாறி மாறி அடுக்கப்பட்டது. அங்கிருந்து வருபவை இறுக்கமான துவர்ப்போடு பல ஆண்டுகள் வாய் திறக்காமல் இருப்பவை. இரண்டு பக்கத்தின் குணத்தையும் காட்டும் காஸ்டிலியோனே ஃபல்லெத்தோ நடுவில் அமைந்திருக்கிறது. விதிக்கு விலக்கான தோட்டங்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றன என்றாலும், தயாரிப்பாளரைப் பற்றி எதுவும் தெரியாதபோது லேபிளில் உள்ள ஊரின் பெயரே நல்ல வழிகாட்டி. 2010 அறுவடையிலிருந்து தோட்டப் பெயர்களையும் அதிகாரப்பூர்வமாக வரையறுத்துவிட்டார்கள். கன்னூபி, புருனாத்தே, செரெக்குவியோ, பூசியா, விக்னா ரியோண்டா போன்றவை அவற்றில் புகழ்பெற்றவை. புகழ் கூடக் கூட விலையும் கூடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஊருக்கு அடுத்தபடியாகத் தயாரிப்பு முறையைப் பார்க்க வேண்டும். பழைய முறையில் திராட்சைத் தோலை வாரக்கணக்கில் சாற்றிலேயே ஊறவைத்து, பிறகு ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் பழைய, பெரிய ஸ்லாவோனிய ஓக் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்பார்கள். மரத்தின் சுவை ஒயினில் ஏறாது. காற்று மட்டும் மெல்லப் புகுந்து துவர்ப்பைத் தணிக்கும். 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் லா மோர்ராவின் எலியோ அல்தாரே போன்ற இளைய தலைமுறையினர் பிரான்சின் பர்கண்டிக்குப் போய்வந்து, ஊறவைக்கும் காலத்தைச் சில நாட்களாகக் குறைத்து, 225 லிட்டர் கொள்ளும் புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய்களைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அல்தாரே 1983இல் தந்தையின் பழைய பீப்பாய்களை ரம்பத்தால் அறுத்துப் போட்டதும், தந்தை அவருக்குச் சொத்து இல்லை என்று எழுதிவைத்ததும் அந்தக் குன்றுகளில் இன்றும் பேசப்படுகிற கதை. எதிரணியில் நின்ற பார்த்தோலோ மஸ்காரெல்லோவோ, சிறு பீப்பாயும் வேண்டாம், அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று தம் கையாலேயே வரைந்து லேபிளாக ஒட்டினார். அந்தச் சண்டை இப்போது பெருமளவு ஓய்ந்துவிட்டது; இரு தரப்பும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டு நடுவழிக்கு வந்துவிட்டார்கள். இருந்தாலும் 1990களின் பரோலோவை ஏலத்திலோ பழைய கையிருப்பிலோ வாங்குகிறவர் அது எந்தத் தரப்புடையது என்று தெரிந்துகொண்டே வாங்க வேண்டும். வனிலாவும் வறுத்த காப்பியும் மணக்கும் நெப்பியோலோவில் ரோஜாவைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். என்னைக் கேட்டால், பெரிய பீப்பாயின் பக்கமே சாய்வேன்.

பார்பரெஸ்கோ ஆல்பாவுக்குக் கிழக்கே, பார்பரெஸ்கோ, நெய்வே, திரெய்சோ என்ற மூன்று ஊர்களிலும் ஆல்பாவின் ஒரு சிறு பகுதியிலும் விளைகிறது. பரப்பளவில் பரோலோவின் மூன்றில் ஒரு பங்கு என்று கணக்கிடலாம். அதே திராட்சை, ஏறத்தாழ அதே மண். ஆயினும் தோட்டங்கள் சற்றுத் தாழ்வானவை, கீழே ஓடும் தானாரோ ஆற்றின் அருகாமையால் வெப்பம் சற்றுக் கூடுதல், ஆகவே பழமும் சில நாள் முந்திப் பழுக்கிறது. சட்டமும் இதற்கு ஏற்றாற்போலவே அமைந்திருக்கிறது: 26 மாதங்கள், அவற்றில் 9 மாதங்கள் மரத்தில், ரிசெர்வாவுக்கு 50 மாதங்கள். 2020இல் பறித்த திராட்சை என்றால், பார்பரெஸ்கோவாக 2023 ஜனவரியிலேயே கடைக்கு வந்துவிடலாம். பரோலோவாக வர 2024 ஆகும், புருனெல்லோவாக வர 2025 ஆகும். வாங்குபவர் பார்வையில் இது சிறிய வேறுபாடு அல்ல.

பார்பரெஸ்கோவை நீண்ட காலம் பரோலோவின் இளைய தங்கை என்றே பேசிவந்தார்கள். அந்தப் பேச்சை மாற்றியவர்களில் முதன்மையானவர் ஆஞ்சலோ காயா. 1967 அறுவடையில் சோரி சான் லொரென்சோ என்ற ஒற்றைத் தோட்டத்தின் ஒயினைத் தனியாகப் பாட்டிலில் அடைத்து, பிறகு பிரான்சின் பெரும் பெயர்களுக்கு நிகரான விலையைத் துணிந்து கேட்டு, அதை வாங்கவும் வைத்தவர். ஆனால் சாதாரண வாங்குபவருக்கு அவரைவிட முக்கியமானது அதே ஊரின் கூட்டுறவுச் சங்கமான ப்ரொதுத்தோரி டெல் பார்பரெஸ்கோ. ஆல்பாவின் ஒயின் பள்ளித் தலைவராக இருந்த தொமீசியோ கவாட்சா 1894இல் தொடங்கிய முதல் கூட்டுறவு, பாசிச ஆட்சிக் காலத்தில் மூடப்பட்டது. 1958இல் ஊர்ப் பாதிரியார் ஃபியோரினோ மாரெங்கோ 19 சிறு விவசாயிகளைக் கூட்டி அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார். முதல் சில ஆண்டுகள் தேவாலயத்தின் அடித்தளத்திலேயே ஒயினைத் தயாரித்தார்கள். இன்று சுமார் 50 குடும்பங்கள் அதில் உறுப்பினர்கள்.

இந்தச் சங்கத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆசிலி, ரபயா, மொந்தேஸ்தேஃபனோ, ஓவெல்லோ உள்ளிட்ட ஒன்பது தோட்டங்களின் ஒயினை நல்ல ஆண்டுகளில் தனித்தனி ரிசெர்வாக்களாக அடைக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே முறையில், ஒரே மாதிரி பெரிய பீப்பாய்களில்தான் தயாரிக்கிறார்கள். ஆகவே இரண்டு பாட்டில்களுக்கு இடையே தெரியும் வேறுபாடு முழுவதும் மண்ணுடையது, ஒயின் தயாரித்தவரின் கைவேலை அல்ல. மொந்தேஸ்தேஃபனோ இறுக்கத்தில் பரோலோவையே நினைவுபடுத்தும். ஆசிலியோ மணத்தாலும் நேர்த்தியாலும் பெயர் பெற்றது. ரிசெர்வா போடத் தகாத ஆண்டு என்று முடிவெடுத்துவிட்டால், அந்தத் தோட்டங்களின் திராட்சை முழுவதும் சாதாரண பார்பரெஸ்கோவுக்கே போய்ச் சேரும்; அந்த ஆண்டின் சாதாரண பாட்டிலை வாங்குபவர், புகழ்பெற்ற தோட்டங்களின் சரக்கைக் குறைந்த விலைக்குக் குடிக்கிறார். விலைக்கும் தரத்துக்கும் இப்படியொரு பொருத்தம் உயர்தர இத்தாலிய ஒயின்களில் வேறெங்கும் அமைவதாக எனக்குத் தெரியவில்லை.

சியேனாவுக்குத் தெற்கே, சுமார் 560 மீட்டர் உயரக் குன்றின் மேல் அமைந்த மொண்டால்சினோ முற்றிலும் வேறோர் உலகம். லாங்கேயில் இலையுதிர் கால மூடுபனி. இங்கே வெயிலும் வறண்ட காற்றும். தெற்கில் 1,738 மீட்டர் உயர்ந்து நிற்கும் அமியாதா மலை புயலையும் ஆலங்கட்டி மழையையும் ஓரளவு தடுத்துக் காக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபெரூச்சியோ பியோண்டி சாந்தி என்பவர் தம் கிரெப்போ பண்ணையில் சாஞ்சோவேசேயின் ஒரு தேர்ந்த வகையை மட்டும் பிரித்து வளர்த்து, வேறெதையும் கலக்காமல், நீண்ட நாள் மரத்தில் வைத்து ஒயின் தயாரித்தார். 1888 அறுவடையே புருனெல்லோவின் தொடக்கமாகப் போற்றப்படுகிறது. பல இனத் திராட்சைகளைக் கலந்து, இளமையிலேயே குடித்து முடிக்கும் ஒயினைத்தான் அக்கம்பக்கத்தார் அப்போது தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குடும்பத்தின் 1955 ரிசெர்வாவை ஓர் அமெரிக்க ஒயின் இதழ் 1999இல் நூற்றாண்டின் பன்னிரண்டு ஒயின்களில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தது.

புருனெல்லோ குறைந்தது இரண்டு ஆண்டு மரத்தில் இருக்க வேண்டும். அறுவடைக்குப் பிந்தைய ஐந்தாம் ஆண்டின் ஜனவரி 1க்கு முன் விற்கக் கூடாது. ரிசெர்வாவுக்கு மேலும் ஓர் ஆண்டு. மூன்றில் மிக நீண்ட காத்திருப்பு இதுவே, அந்தக் காத்திருப்பைத் தயாரிப்பாளரே நமக்காகச் செய்து தந்துவிடுகிறார். ஆகவே கடையில் புதிதாக வந்த புருனெல்லோ, கடையில் புதிதாக வந்த பரோலோவைவிடக் குடிக்க எளிதாக இருக்கிறது. குன்றின் எந்தப் பக்கம் என்பதை இங்கும் பார்க்க வேண்டும்: வடக்குச் சரிவிலிருந்து வருபவை மெலிந்து, புளிப்போடு, மணம் மிகுந்து இருக்கும், தெற்கே சாந்த் ஆஞ்சலோ இன் கொல்லே, காஸ்டெல்நுவோவோ டெல் அபாத்தே பகுதிகளில் விளைபவை பழுத்து, கனத்து, சற்று அதிக ஆல்கஹாலோடு வரும். ஆனால் பியட்மாண்டைப் போலத் தோட்டப் பெயர்களை இங்கே அதிகாரப்பூர்வமாக வரையறுக்கவில்லை. லேபிளைப் பார்த்து எந்தச் சரிவு என்று சொல்லிவிட முடியாது. தயாரிப்பாளரைத் தெரிந்து வாங்குவதுதான் ஒரே வழி. இதைப் புருனெல்லோவின் பெரிய குறையாகவே கருதுகிறேன்.

2008இல் சில தயாரிப்பாளர்கள் வேறு திராட்சைகளைக் கலந்து புருனெல்லோ என்று விற்றதாக எழுந்த புகாரில் அரசு விசாரணை நடந்தது. லட்சக்கணக்கான பாட்டில்கள் முடக்கப்பட்டன. அமெரிக்கா இறக்குமதியையே நிறுத்திவிடும் என்ற நிலை வந்தது. விதியைத் தளர்த்திவிடலாமா என்று அதே ஆண்டு அக்டோபரில் வாக்கெடுப்பு நடத்தியபோது, முழுக்க சாஞ்சோவேசேதான் என்ற விதியே தொடர வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் பெரும்பான்மையாக முடிவு செய்தார்கள். அதன் பிறகு வந்த பாட்டில்களில் நிறம் சற்றுக் குறைந்ததாகத் தோன்றினால் அதை நல்ல அடையாளமாகவே கொள்ளலாம்.

வேறு பெயர்களும் இந்தப் பேச்சில் குறுக்கிடும். வெரோனாவுக்கு அருகே திராட்சையை மாதக்கணக்கில் உலரவைத்துப் பிழியும் அமரோனே, குறைந்தது 14 விழுக்காடு ஆல்கஹாலோடு, உலர்திராட்சையும் சாக்லேட்டும் மணக்க வருவது. உணவோடு குடிப்பதைவிட உணவுக்குப் பின் பாலாடைக்கட்டியோடு மெல்ல அருந்துவதற்கே அது பொருந்தும். டஸ்கனிக் கடற்கரையின் சசிகாயியா மிகச் சிறந்த ஒயின்தான். ஆனால் அது பெரும்பாலும் கபெர்னே சோவின்யோன் என்ற பிரெஞ்சுத் திராட்சை, அதன் உறவு பிரான்சின் போர்தோவோடு. இத்தாலிக்கே உரிய குணத்தைத் தேடுபவர் அதை முதல் பாட்டிலாக வாங்க வேண்டியதில்லை. காம்பானியாவின் தௌராசியும் சிசிலியின் எட்னா எரிமலைச் சரிவு ஒயின்களும் இந்த மூன்றோடு நிற்கத் தகுந்தவை, விலையும் குறைவு; ஆயினும் அவற்றைத் தனியே எழுதுவதே முறை.

அறுவடை ஆண்டு முடிவை எவ்வளவு மாற்றும் என்பதைச் சில ஆண்டுகளைக் கொண்டே பார்த்துவிடலாம். 2010உம் 2016உம் இரு மாநிலங்களிலும் மிகச் சிறந்தவை. சமநிலையும் நீண்ட ஆயுளும் உடையவை. 2017 வெப்பமும் வறட்சியும் மிகுந்தது. பழம் முன்னே நிற்கும், காத்திருக்கத் தேவை குறைவு. 2014இல் மழை விடாமல் பெய்தது. மொண்டால்சினோ கடுமையாகப் பாதிக்கப்பட்டு, சிலர் அந்த ஆண்டு புருனெல்லோவையே வெளியிடவில்லை. பார்பரெஸ்கோ பகுதியிலோ பரோலோவைவிட மழை குறைவாகவே இருந்தது. ஆகவே நல்ல கைகள் தயாரித்த 2014 பார்பரெஸ்கோ, அந்த ஆண்டின் கெட்ட பெயரால் விலை குறைந்து, மெலிந்த உடலோடும் நல்ல மணத்தோடும் கிடைக்கிறது. புகழ்பெற்ற ஆண்டைத் தேடி அலைபவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்: இன்றே குடிக்க வேண்டியவருக்கு 2016 போன்ற பேராண்டு பாதகமானது, ஏனெனில் அது இன்னும் மூடிக்கிடக்கலாம். சுமாரான ஆண்டின் பாட்டில் அவருக்கு அதிக இன்பம் தரும், பணமும் மிச்சமாகும்.

உணவைப் பொறுத்தவரை, இரண்டு மண்ணின் சமையலும் தன் ஒயினுக்கு ஏற்பவே வளர்ந்திருக்கிறது. பியட்மாண்டில் மாட்டிறைச்சியைப் பரோலோவிலேயே மணிக்கணக்கில் வேகவைக்கும் பிரசாத்தோ, முட்டை மஞ்சள் கருவில் பிசைந்த மெல்லிய தயாரின் நூடுல்ஸ், அக்டோபர் முதல் ஆல்பாவில் கிடைக்கும் வெள்ளை ட்ரஃபிள் காளான் ஆகியவை நெப்பியோலோவின் உறவுகள். கொழுப்பும் புரதமும் துவர்ப்பைப் பிடித்துக் கரைத்துவிடுவதால், தனியே கடுமையாகத் தெரிந்த ஒயின் இறைச்சியோடு சேர்ந்ததும் இளகுகிறது. டஸ்கனியில் கரி நெருப்பில் வாட்டிய தடித்த மாட்டிறைச்சித் துண்டும் காட்டுப்பன்றிக் கறியும் செம்மறியாட்டுப் பால் பாலாடைக்கட்டியான பெக்கொரினோவும் புருனெல்லோவின் துணை. தக்காளி சேர்ந்த உணவென்றால் சாஞ்சோவேசேயின் புளிப்புதான் அதற்கு ஈடுகொடுக்கும், நெப்பியோலோ திணறும். காரமான மசாலாவோடு மூன்றுமே பொருந்துவதில்லை. மிளகாயின் எரிச்சலும் இந்தத் துவர்ப்பும் ஒன்றையொன்று கூட்டிவிடும். செட்டிநாட்டுக் கறியோடு பரோலோவைத் திறப்பது இரண்டுக்கும் செய்யும் கெடுதல். காரம் குறைந்த, நெய்யில் மெல்ல வெந்த ஆட்டுக்கறிக்கு முதிர்ந்த பார்பரெஸ்கோ ஒத்துப்போகும்.

பரிமாறும் வெப்பநிலை 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்ற அறிவுரை ஐரோப்பியக் கல்வீடுகளுக்குச் சொன்னது. நம் ஊர் அறை வெப்பத்தில் ஆல்கஹால் மூக்கைத் துளைக்கும், ரோஜா காணாமல் போகும். குளிர்பதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்தெடுத்தால் போதும். இளம் பரோலோவை மூன்று, நான்கு மணி நேரம் முன்னதாகவே அகன்ற குடுவையில் ஊற்றிக் காற்றாட விடலாம். பார்பரெஸ்கோவுக்கும் புருனெல்லோவுக்கும் ஒன்றிரண்டு மணி நேரம் போதும். இருபது வயது கடந்த பாட்டிலை அப்படிக் காற்றாட விடக் கூடாது. முந்தைய நாளே நிமிர்த்தி வைத்து, வண்டல் அடியில் தங்கியதும், குலுங்காமல் ஊற்றிக் கோப்பையிலேயே மெல்ல விரிய விட வேண்டும். அப்படி ஊற்றிய முதல் கோப்பையை உடனே முடித்துவிடாமல் வைத்திருந்து, அரை மணி நேரத்துக்கு ஒருமுறை முகர்ந்து பார்த்தால், முதலில் தாரும் மண்ணுமாக இருந்தது பிறகு அதிமதுரமாகி, கடைசியில் காய்ந்த ரோஜாவாக மாறுவதைத் தெளிவாகக் காணலாம். இந்த ஒயின்களுக்குக் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி அந்த மாற்றத்துக்குத்தான்.

சேமிப்புதான் பலருடைய முடிவை உண்மையில் தீர்மானிக்க வேண்டியது. 12 முதல் 15 டிகிரி வரை, ஆண்டு முழுவதும் ஏறி இறங்காத வெப்பம் இருந்தால்தான் பரோலோ பதினைந்து ஆண்டு தாங்கும். ஒயினுக்கென்றே செய்த குளிரூட்டும் அலமாரி இல்லாத சென்னை வீட்டிலோ கொழும்பு வீட்டிலோ, அலமாரியின் இருட்டு மூலையில் வைத்த பாட்டில் ஒரு கோடையிலேயே களைத்துவிடும். அத்தகைய வீட்டுக்குப் பரோலோ வாங்குவது, பக்குவமாகாது என்று தெரிந்தே வாங்குவதாகும். அங்கே என் பரிந்துரை தயக்கமில்லாமல் பார்பரெஸ்கோ: ஆறு முதல் பத்து வயதுள்ள, கூட்டுறவுச் சங்கத்தின் சாதாரண பாட்டில், வாங்கிய சில வாரங்களுக்குள் திறந்துவிட வேண்டியது. குளிரூட்டும் அலமாரியும் பொறுமையும் இரண்டும் உள்ளவர், அல்லது குழந்தை பிறந்த ஆண்டின் ஒயினை அதன் இருபத்தோராம் வயதுக்கென்று எடுத்து வைக்க விரும்புபவர், செர்ராலுங்காவின் பரோலோவை வாங்கலாம். அந்த ஒரு நோக்கத்துக்கு அதை வெல்ல மற்ற இரண்டாலும் முடியாது. விருந்தில் பலர் கூடி, அவர்களில் பாதிப்பேர் துவர்ப்புக்குப் பழகாதவர்கள் என்றால், புருனெல்லோவே பாதுகாப்பான தேர்வு. அதன் பழச்சுவை யாரையும் விலக்கிவைக்காது.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, இந்தத் திராட்சைகளையே முதன்முறை சுவைக்கப் போகிறவர், பெரிய பெயரில் பணத்தைப் போடாமல் ஒரு படி கீழிருந்து தொடங்குவது நல்லது. அதே குன்றுகளின் திராட்சையில், பல சமயம் அதே தயாரிப்பாளர்களின் கையிலிருந்தே, லாங்கே நெப்பியோலோ என்ற பெயரிலும் ரோஸ்ஸோ டி மொண்டால்சினோ என்ற பெயரிலும் இளம் ஒயின்கள் வருகின்றன. மூத்த ஒயினின் பாதி விலையும் பெரும்பாலும் ஆகாது. ரோஜாவும் துவர்ப்பும் பிடித்தது என்றால் பியட்மாண்ட் பக்கம் மேலே ஏறலாம். புளிப்புச் செர்ரியும் மூலிகையும் பிடித்தது என்றால் மொண்டால்சினோ பக்கம். இந்தியாவில் இறக்குமதி ஒயினுக்கான சுங்க வரி நீண்ட காலம் 150 விழுக்காடாக இருந்ததால், இந்தப் பெயர்களைப் பயணத்தின்போது வாங்கி வருவதையே பலரும் வழக்கமாகக் கொண்டிருக்கிறார்கள். ஒரு பயணி தீர்வையின்றிக் கொண்டுவரக்கூடிய அளவு 2 லிட்டர், அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. அந்த இரண்டு இடத்தில் நான் வைப்பது ஒரு ரோஸ்ஸோ டி மொண்டால்சினோவும், மேலே சொன்ன வயதில் ஒரு பார்பரெஸ்கோவும். விமான நிலையக் கடையில் பளபளக்கும் பெட்டியில் நிற்கும் இளம் பரோலோவை, எவ்வளவு தள்ளுபடி போட்டிருந்தாலும், அங்கேயே விட்டுவிடுவேன்.